கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு மிச்சம்

என் மண்டைக்குள் இரண்டு கிளிப்புகள் இருக்கின்றன. கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்பின் சாயல்தான். நீளம் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு. இப்படிக் கிளிப் போட்டுக்கொண்ட ஒருவரிடம் ஆறு மாதம் கழித்து டாக்டர், "உள்ள எப்படி இருக்குன்னு ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்" என்பார். அந்தப் படம் எடுக்கும் விவகாரம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே எனக்குச் சொல்ல ஆளில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகப் பயந்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

ரெட்டியார்பாளையத்தில் பைப்பு, வால்வு, தண்ணீர் மோட்டார் விற்கும் கடை வைத்திருப்பவன் நான். போன ஐப்பசியில் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கிய நொடியில் ஷட்டரே திரும்ப வந்து பின்மண்டையில் இறங்கியது போல ஒரு வலி. பிறகு சென்னையில் கண்விழித்தேன். நடுவில் நடந்ததை என் மச்சான் முருகையன் சொல்லித்தான் தெரியும். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்தவன், யூனிபாரத்தோடு என்னை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறான்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவரில் மெலிந்த ஓரிடம், சைக்கிள் டியூப் புடைப்பது போலப் புடைத்துக்கொள்ளும். அனியூரிசம் என்பது அதன் பெயர். எனக்கு இடது பக்கத்தில் அப்படி ஒன்று வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் கிளிப் போட்டு மூடப் போனால், பக்கத்திலேயே வெடிக்காத இன்னொன்று. திறந்த கையோடு அதற்கும் ஒரு கிளிப்.

முதலாவது முழுசாக மூடியது. இரண்டாவதில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டார்கள்.

இந்த மிச்சம்தான் ஆறு மாதமாக என்னைத் தின்றது. அறுவை சிகிச்சை செய்தவர் காரணத்தை முருகையனிடம் இங்கிலீஷில் விளக்கியிருக்கிறார். முருகையன் எல்லாவற்றுக்கும் "ஓகே சார்" சொல்லியிருக்கிறான். எனக்கு வந்து சேர்ந்த செய்தி இவ்வளவுதான்: "கொஞ்சூண்டு வுட்டு வச்சிருக்காங்களாம் மாமா. பாத்துக்கலாம்னாரு."

நான் பைப்பு வியாபாரி. ஒழுகுகிற இடத்தை முக்கால்வாசி அடைத்துவிட்டு "பாத்துக்கலாம்" என்று போகிற பிளம்பரை என் கடை வாசலில் ஏற்றமாட்டேன். அந்த ஆபரேஷன் டாக்டர் மேல் எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. உயிரைக் காப்பாற்றியவர் மேல் கோபப்படுவது நன்றி கெட்டதனம் என்பதால், அதை வெளியே காட்டாமல் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, அந்த மிச்சம் வாதத்தைக் கொண்டுவந்துவிட்டதா என்று முகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"சரசு, வாய் கோணியிருக்கா பாரு."

என் மனைவி அடுப்படியிலிருந்து திரும்பாமலேயே சொல்வாள். "எப்பவும் போலதாங்க கோணியிருக்கு."

சித்திரையில் ஆறு மாதம் முடிந்தது. சென்னைக்கு அலைய வேண்டாம் என்று இங்கேயே ஒரு மருத்துவமனையில் காட்டினோம். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரிக்காத முகம். நான் அந்த முகத்தை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் சி.டி. ஆஞ்சியோகிராம் எழுதினார். கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, அது மூளை ரத்தக்குழாய்களில் ஓடும்போது வளையம் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து எக்ஸ்ரேயால் வேகமாகப் படம் பிடிப்பது. படுக்க வைத்த பெண் முன்கூட்டியே எச்சரித்தாள்.

"மருந்து ஏறும்போது உடம்பு சூடாவும் அங்கிள். ஒண்ணுக்கு போயிட்ட மாதிரி தோணும். ஆனா போயிருக்கமாட்டீங்க. பயப்படாதீங்க."

ஏறியது. தொண்டை சூடானது, வயிறு சூடானது, அதற்குக் கீழே அவள் சொன்னபடியே சூடானது. அவள் சொன்னதை நம்ப நான் முழு மனதோடு முயன்றேன். படம் முடிந்து வெளியே இழுத்ததும் முதல் காரியமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உலர்ந்திருந்தது.

"எல்லாருமே தொட்டுப் பாப்பாங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண், ஊசியைக் கழற்றியபடி.

மறுநாள் டாக்டரம்மா படத்தைக் கணினியில் காட்டினார். என் தலைக்குள் இரண்டு குட்டிச் சூரியன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எல்லாப் பக்கமும் வெள்ளைக் கோடுகளாகக் கதிர் கிளம்பியது.

"இது உலோகம். எக்ஸ்ரே அதுல பட்டு இப்படிச் செதறும். நான் பாக்க வேண்டிய இடம் கிளிப்புக்கு ஒட்டினாப்ல இருக்கு. இந்தக் கோடெல்லாம் அதைத்தான் மறைக்குது. இங்க பாருங்க, ஏதோ முட்டு மாதிரி தெரியுது. நிஜமா, கோடு பண்ற வேலையான்னு சொல்ல முடியல."

"நிஜமா இருந்தா டாக்டர்?"

"முன்ன வுட்டு வச்ச அதே அளவுன்னா பிரச்சினை இல்ல. வளந்திருந்தா திரும்ப ஏதாவது செய்யணும். திறக்க வேண்டியும் வரலாம்."

திறக்க என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகவே இடது காதுக்கு முன்னால் இருந்த தழும்புக்குப் போனது. போன தடவை திறந்தபோது தாடைத் தசையை அறுத்திருந்தார்கள். இரண்டு மாதம் முறுக்கு கடிக்க முடியவில்லை. மனிதன் சாவுக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் முறுக்குக்குப் பயப்பட்டேன். அதுதான் சமாளிக்கக்கூடிய அளவில் இருந்தது.

"அப்ப பழைய படத்தையும் ஆபரேஷன் குறிப்பையும் குடுங்க, ஒப்பிட்டுப் பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் சரசுவைப் பார்த்தேன். சரசு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

"கோப்பு எங்க சார்?"

"போகியில கொளுத்திட்டேங்க."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக் காகிதம் வீட்டில் இருந்தால் நோய் அதைத் தேடித் திரும்ப வரும் என்று எங்கள் பக்கத்தில் பலருக்கும் ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் போகியன்று விடியற்காலை, கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே பழைய பாயையும் முறத்தையும் போட்டுக் கொளுத்திக்கொண்டிருக்க, கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச வாய் துறுதுறுத்துவிட்டது. கோப்பைத் தலைக்கு மேல் தூக்கி, "பழையன கழிதலில் என் மண்டையும் சேத்தி" என்று ஒரு பிரசங்கமே செய்து, நெருப்பில் போட்டேன். பிள்ளைகள் போகி மேளம் அடித்தார்கள். நான் ஆடினேன். அந்தக் கோப்பை ஒரு வரிகூடப் படித்துப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுப் பத்திரத்தையும் அதுல போட்டீங்களா?"

"இல்லைங்க."

"அதையாவது வச்சிருக்கீங்களே."

ஊசி, குழாய் எதுவும் வேண்டாமே என்ற ஆசையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெறும் சத்தம்தான் கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். இப்போது போடுகிற கிளிப்புகள் பெரும்பாலும் டைட்டானியம், காந்தம் அதை இழுக்காது. பழைய வகை சிலவற்றை இழுத்துத் திருப்பிவிடும். மூளைக்குள் கிளிப் திரும்பினால் என்னாகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன கிளிப் என்று எழுதிய தாள் இல்லாமல் அந்த அறைக்குள் என்னை விடமாட்டார்கள்.

"சென்னையிலதானே போட்டாங்க, நல்ல கிளிப்பாதான் இருக்கும் டாக்டர்."

"நீங்க கடையில வால்வை அப்படித்தான் விப்பீங்களா? பாத்தா நல்ல வால்வாதான் தெரியுதுன்னு?"

உள்ளே விடும்படி தாள் இருந்திருந்தாலும், கிளிப்பைச் சுற்றி எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு கறுப்பு ஓட்டைதான் விழுமாம். பார்க்க வேண்டிய இடம் அந்த ஓட்டைக்குள் போய்விடும். ஆகவே மிச்சமிருந்தது ஒரே வழி. மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்துக் கழுத்து வரை கொண்டுபோய், அங்கிருந்து நேராக மூளைக்குள் மருந்தை அனுப்பி எடுக்கும் ஆஞ்சியோகிராம். டி.எஸ்.ஏ. என்பார்கள். வியாழக்கிழமை வரச் சொன்னார். பழைய படத்துக்குச் சென்னை ஆஸ்பத்திரிக்கு முருகையன் போன் போட்டான். நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த வார விடுப்பில் போகிறேன் என்றான்.

வெளியே வரும்போது சரசு கேட்டாள். "வியாழக்கிழமை படம் எடுத்து முட்டு இருக்குன்னு தெரிஞ்சா, அது பழசா புதுசான்னு தெரிய இன்னும் ரெண்டு வாரமா?"

"ஆமா."

"ரெண்டு வாரமும் காலையில என்கிட்ட வாயைக் காட்டுவீங்களா?"

புதன்கிழமை சாயங்காலம் அவள் மாடியில் வடாம் எடுக்கப் போனாள். போன வேகத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரத்தக்கொதிப்பு ஏற, படியேறிப் போனேன்.

வடாத்துக்கு மேலே கட்டிய கயிற்றில், காக்காய் விரட்ட ஒரு பழைய சி.டி. தட்டு தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது இன்னான்னு நெனைக்கிறீங்க? அன்னிக்கு போகியில நீங்க ஆடிக்கிட்டிருந்தப்ப, உங்க கோப்புல இருந்ததை நெருப்புலேருந்து நான்தான் குச்சியால தள்ளி எடுத்தேன். பிளாஸ்டிக் எரிச்சா நாறும்னு. அப்புறம் மறந்தே போச்சு."

அதன் மேல் என் பெயரும் வயதும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தன. ஓரத்தில் லேசாகக் கருகியிருந்தது. மாசியிலிருந்து வெயில் குடித்திருக்கிறது. நடுவில் காக்காய் எச்சம். என் மூளையைப் பார்த்து ஒரு காக்காய்கூட பயந்திருக்கவில்லை.

சரசு அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தன் பட்டுப் புடவை வைக்கும் துணியில் சுற்றினாள்.

வியாழக்கிழமை வெறும் வயிற்றில் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். சலவைச் சட்டை, மடியில் தொப்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருக்கும் இதே கிளிப்புதான், பாரீஸில் போட்டது, பல வருடமாகிறது என்றார், ஐயா என்பதற்கு முசே போட்டு.

"எனக்கு அங்க தொடை வழியா விட்டாங்க முசே. இப்ப கையிலயே முடிச்சிடுறாங்க. வலி கெடையாது."

"கஷ்டமே இருக்காதா?"

"இருக்கும். பேச விடமாட்டாங்க."

சரசு அவரை நன்றியோடு பார்த்தாள்.

அறை குளிர்ந்திருந்தது. மேசையில் படுக்கவைத்துத் தலையை ஒரு தொட்டிலில் பொருத்தி, நெற்றியில் பட்டை ஒட்டினார்கள். தலையைச் சுற்றிக் கொக்கி போல வளைந்த ஒரு பெரிய இயந்திரக் கை நகர்ந்தது. மணிக்கட்டை மரத்துப்போகச் செய்த ஊசி மட்டும் சுருக்கென்றது. அதற்குப் பிறகு குழாய் முழங்கை, தோள், கழுத்து என்று பயணம் போனது எனக்குத் தெரியவே இல்லை. ரத்தக்குழாயின் உள்பக்கத்துக்கு உணர்ச்சி கிடையாதாம். என் உடம்புக்குள் ஒருவர் பைப்பு இழுக்கிறார், எனக்கே தகவல் இல்லை.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கவாட்டில் இருந்த திரை கண்ணுக்கு எட்டியது. அதைப் பார்க்க ஆரம்பித்ததும் வேறு நினைப்பு ஓடவில்லை.

டாக்டரம்மா முகமூடிக்குள்ளிருந்து சொன்னார். "மொதல்ல மருந்து இல்லாம ஒரு படம். அப்புறம் மருந்தோட ஒரு படம். ரெண்டாவதுலேருந்து மொதலாவதை கம்ப்யூட்டர் கழிச்சுடும். எலும்பு ரெண்டுலயும் இருக்கறதால மறஞ்சிடும். ரத்தக்குழாய் மட்டும் நிக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. காலிக் கடையை ஒரு படம் எடுக்கிறோம், கூட்டம் வந்த பிறகு ஒரு படம். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் கடை மறைந்து கூட்டம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். கடை நடுவில் இம்மி நகர்ந்தால் கணக்குத் தப்பிவிடும்.

"மூச்சைப் பிடிங்க. முழுங்காதீங்க. அசையாதீங்க."

"பிடிச்சிட்டேன் டாக்டர்" என்றேன்.

திரையில் என் மண்டையோடு இரண்டாகவும் தாடை மூன்றாகவும் வழிந்தன.

"பிடிச்சிட்டா அதைச் சொல்லக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

மறுபடி. இந்த முறை வாயைப் பூட்டிக்கொண்டேன். இடது கண்ணுக்குப் பின்னால் வெந்நீர் பாய்ந்தது போல ஒரு சூடு, பாதி முகம் மட்டும். நாக்கில் சாவிக்கொத்தைக் கடித்த ருசி. மூடிய இமைக்குள் மின்மினி மாதிரி இரண்டு மூன்று பொறி. கண்ணைத் திறந்தபோது திரையில் எலும்பெல்லாம் காணாமல்போயிருந்தது. சாம்பல் வெளியில் ஒரு கறுப்புத் தண்டு எழுந்து, வளைந்து, கிளையாகி, கிளை குச்சியாகி, குச்சி மயிராகிப் பரவியது. இரண்டு நொடி. பிறகு புகை போல வெளுத்துக் கரைந்தது. இது இத்தனை வருடமாக என்னோடு இருந்திருக்கிறது, ஒரு தடவைகூட அறிமுகம் செய்துகொண்டதில்லை. அது என்ன வளைவு, இந்தக் கிளை எங்கே போகிறது, ஏன் அங்கே மெலிகிறது என்று இருபது கேள்வி தொண்டையில் முட்டி நின்றன. ஒன்றையும் கேட்க முடியவில்லை. சொல்தா சொன்ன கஷ்டம் இதுதான்.

கிளிப்புகளும் எலும்போடு சேர்ந்து கழிபட்டுவிட்டன. சூரியனும் இல்லை, கதிரும் இல்லை. அந்த இடம் சுத்தமாகத் தெரிந்தது. அங்கே கிளையின் அக்குளில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு முட்டு இருந்தது. கோடு செய்த வேலை இல்லை. நிஜம்.

மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு பட்டை கட்டி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிப் படுக்கையில் விட்டார்கள். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டுமாம். சரசு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள்.

"பாத்தியா?" என்றாள். அவள் ஒருமையில் பேசுவது பயந்தால் மட்டும்தான்.

"பாத்தேன். இருக்கு."

அவள் அடுத்த டம்ளரை ஊற்றினாள். வாய் வரை கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார். மாடியில் கிடைத்த சி.டி. தட்டு கணினிக்குள் உறுமிக்கொண்டிருந்தது. நிறையப் படங்கள் திறக்கவில்லை, வெயில் தின்றுவிட்டது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கட்டம் கட்டமாகச் சாம்பல். சரசு முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ, ஒன்று திறந்தது.

இடது பக்கம் ஐப்பசி, கிளிப் போட்டதும் எடுத்தது. வலது பக்கம் இன்று. இன்றைய படத்தைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பெரிதாக்கி, இரண்டையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு முட்டுக்கும் குறுக்கே அளவுகோடு இழுத்தார். மறுபடி ஒரு தடவை இழுத்தார்.

"வளரல" என்றார். "இம்மி கூட வளரல. திறக்க வேணாம். அடுத்த வருஷம் ஒரு தடவை பாத்தா போதும்."

நாற்காலி இருந்ததால் உட்கார்ந்தேன். சரசு நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏன் டாக்டர் அதை மட்டும் அப்பிடி வுட்டு வச்சாங்க?" என்று அவள்தான் கேட்டாள். ஆறு மாதமாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோபம் இருந்தது, கேள்வி இருக்கவில்லை.

டாக்டரம்மா பேனா முனையால் முட்டின் அடிவாரத்தைக் காட்டினார். அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, மேலே ஏறி, மூன்றாகப் பிரிந்தது.

"இது பொறப்படற இடமே அந்த முட்டோட கழுத்துதான். கிளிப்பை முழுசா ஒட்டிப் போட்டா இதுவும் சேந்து மூடிக்கும். அதான் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்காரு. நல்ல கை. நான் போட்டிருந்தாலும் இப்படித்தான் போட முயற்சி பண்ணியிருப்பேன்."

தையல் நூல் தடிமன்கூட இருக்காது. என் கடையில் இருப்பதிலேயே சின்ன பைப்பு அரை அங்குலம். அந்த மனிதர் நூலுக்குப் பக்கத்தில் கிளிப்பை நிறுத்தியிருக்கிறார். நான் அவரை ஆறு மாதமாக அரைகுறை பிளம்பர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் எழுதியிருந்த தாளைக் கொளுத்திவிட்டு மேளத்துக்கு ஆடியிருக்கிறேன்.

"இது எங்க போவுது டாக்டர்?" என்றேன்.

"பேச்சுக்கு. நீங்க பேசறதுக்கான எடத்துக்கு ரத்தம் கொண்டுபோறது இதுதான். அடைபட்டிருந்தா உயிர் இருந்திருக்கும், நடந்திருப்பீங்க, நாம சொல்றதுகூடப் புரிஞ்சிருக்கும். வாயிலேருந்து வார்த்தை வந்திருக்காது."

சரசு திரைக்குக் கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள். ஆட்காட்டி விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு, அது ஏறுகிற வழியே மெதுவாக மேலே கொண்டுபோனாள், அது மூன்றாகப் பிரியும் இடம் வரைக்கும்.

"இவ்ளோதானா" என்றாள். "இத்தனூண்டுலேருந்தா இத்தனையும் வருது."

டாக்டரம்மா முகத்தைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சரசு திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"வேணாங்க" என்றாள். "கொஞ்ச நேரம் ரத்தம் அது பாட்டுக்கு ஓடட்டும்."